விமானத்துக்குள்ள ஏறினது

டினோஜாவின்ர அப்பாவுக்கு,

மாதா புண்ணியத்தில நான் சுகம். உங்கட இடுப்பு, நாரி நோ எப்பிடி? போனில சொன்னாப் போனை வெட்டிப்போடுவியள், அதான் எழுதுறன்.

இஞ்ச வெளிநாட்டில, விமானம் ஓட்டிப் பறந்த பொம்பிளையளின்ர மியூசியத்திலதான் இப்ப துப்புரவு வேலை. விண்வெளிக்குப் போனவவின்ர உடுப்பும் இருக்கு, தோய்க்கக் கூடாதாம். நேற்று மனேச்சர் பழைய விமானத்துக்குள்ள ஏறித் துடைக்கச் சொன்னார். பொம்பிளை வள்ளத்தில கால் வைச்சா மீன் படாது எண்டு உங்களிட்டக் கேட்டுக் கேட்டு, இதுக்கும் பயந்து, செருப்பைக் கழட்டிச் சிலுவை போட்டு ஏறினன். கதவு இறுகி, கொஞ்ச நேரம் உள்ளுக்க மாட்டிப்போனன். வந்த சனம் என்னையும் பொம்மை எண்டு படம் பிடிக்குது. வேற ஒண்டும் நடக்கேல்ல.

டினோஜா வள்ளத்தில என்ஜின் பிடிக்க வாறன் எண்டதுக்கு ஏசினியளாம். நாரியைப் பிடிச்சுக்கொண்டு தனியக் கடலுக்குப் போறியள், விழுந்தா ஆர் தூக்கிறது? மீன் படாது எண்ட விசர்க்கதையை விட்டிட்டுப் பிள்ளையை ஏத்துங்கோ.

கட்டாக் கருவாடு அனுப்புங்கோ. இஞ்ச சாப்பாட்டுக்கு மணமே இல்லை.

பஸ் வருது. அவளை வள்ளத்தில ஏத்தினாப் பிறகு போன் எடுங்கோ, அதுக்கு முதல் எடுத்தாக் கதைக்கமாட்டன். கடிதம் கிடைச்ச அடுத்த நாளே ஏத்துங்கோ.

ஜசிந்தா