மேட்டில் போட்ட மூன்று துளைகள்

என் அன்புக் கப்பல்காரருக்கு,

இங்கே நான், நம் மகள், உங்கள் அப்பா மூவரும் சௌக்கியம். நம் மனையின் கீழ்ப்பாதிதான் சௌக்கியமில்லை.

வீட்டு அனுமதி என்ன ஆச்சு என்று போனில் மூன்று தடவை கேட்டீர்கள். மூன்று தடவையும் நல்லபடியாகப் போகிறது என்றேன். முதல் தடவை சொன்னது மட்டும்தான் நிஜம். உங்கள் என்ஜின் அறைச் சத்தத்துக்கு நடுவே கத்திச் சொல்லக்கூடிய சமாச்சாரம் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். பதறாதீர்கள், வீடு உண்டு. நீங்கள் வரைந்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். மாமாதான் இன்னும் அதை ‘மண்ணு ஆபீஸ்’ என்கிறார். மலைச்சரிவில் யார் கட்ட விண்ணப்பித்தாலும் ஆபத்து வரைபடத்தை விரிப்பேன். இடம் மஞ்சள் பட்டைக்குள் வந்தால் துளை போட்டுப் பார்த்த மண் அறிக்கை கேட்பேன். அறிக்கையில் துளி சந்தேகம் வந்தாலும் இன்னொரு துளை போட்டுப் பார்க்கச் சொல்வேன். ‘இன்னொரு துளை அம்மா’ என்று என் முதுகுக்குப் பின்னால் கூப்பிடுகிறார்கள், அதுவும் தெரியும். நம் மனையும் மஞ்சள் பட்டைதான். சொந்த ஃபைலை நானே பார்க்கக் கூடாது என்பதால் அது பக்கத்து மேசைக்குப் போனது.

பக்கத்து மேசை என்றால் நம் பென்சில்காரர். காதில் ஒன்று, கையில் ஒன்று என்று எப்போதும் இரண்டு பென்சிலோடு இருப்பாரே, அவர்தான். பதினோரு வருஷம் என்னோடு டீ குடித்த மனுஷன், இரண்டு நாளில் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று நிம்மதியாக இருந்தேன். அவரோ பதினான்கு கேள்வி எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்! எனக்கு வந்ததே கோபம். அன்றைக்கு டீக்குத் தனியாகப் போனேன். என்னிடம் ஃபைல் கொண்டுவருகிறவர்கள் ஏன் அப்படி முறைத்துப் பார்க்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மறுநாள் காலையில் அவர் மண் அறிக்கையையும் நீங்கள் வரைந்த வீட்டுப் படத்தையும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். துளை மூன்றும் மேட்டில், சாலையை ஒட்டி. வீடு கீழ்ப்பாதியில், சரிவின் விளிம்பில். துளை போடும் வண்டி சரிவில் இறங்காது. அது எங்கே நிற்குமோ அங்கேயே மூன்றையும் போட்டு ‘மண் உறுதியானது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பென்சில்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மேடம், மத்தவங்க ஃபைல்ல நீங்க முதல்ல பார்க்கிறதே இதைத்தானே?” என்றார்.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இந்த ஒரு காரணத்துக்காக நான் எத்தனை பேரை அலைய விட்டிருக்கிறேன்! நம் அறிக்கையில் மட்டும் துளை எங்கே என்று பார்க்கவே இல்லை. நீங்கள் வருவதற்குள் கூரை போட்டுவிட வேண்டும் என்ற அவசரம். உங்கள் படத்தில் துறைமுகம் பார்க்க வைத்த அந்தப் பால்கனியை மட்டும் பார்த்தேன், கீழே கையெழுத்துப் போட்டேன். தப்பு என்னுடையதுதான்.

போன வாரம் இயந்திரம் வைத்துக் கீழ்ப்பாதியில் நீளமாக வெட்டிப் பார்த்தோம். மாமா குடையும் நாற்காலியுமாக வந்து உட்கார்ந்து இயந்திரக்காரரை வேலை வாங்கினார். அந்த மனுஷன் மூன்று தடவை என்னைப் பார்த்தார், நான் மூன்று தடவையும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆள் உயரம் வெட்டியதும் சாம்பல் நிறத்தில் ஒரு களிமண் பட்டை தெரிந்தது. விரல் தடிமன்தான் இருக்கும், தொட்டால் சோப்பு மாதிரி வழுக்கியது. அதற்கு மேலே இருந்ததெல்லாம் தாறுமாறாகக் கலந்து கிடந்த கல்லும் மண்ணும். பென்சில்காரர் உள்ளே இறங்கி, அந்தப் பட்டையின் மேல் கொஞ்சம் இடம் பண்ணிப் பென்சிலை வைத்தார். அது பள்ளத்தைப் பார்த்து உருண்டு ஓடிவிட்டது.

எப்போதோ, யாரும் பார்க்காத காலத்தில், கீழ்ப்பாதி மொத்தமும் அந்தக் களிமண்ணின் மேல் சறுக்கி வந்து நின்றிருக்கிறது. இனியும் நூறு வருஷம் சும்மா நிற்கலாம். ஒரு பெருமழைக்கு நகரவும் செய்யலாம். நம் மகளின் அறையை நீங்கள் சரியாக அதன் தலைமேல் வரைந்திருந்தீர்கள். சாயங்காலம் பென்சில்காரருக்கு நானே டீ வாங்கிக் கொடுத்தேன், கூடவே ஒரு டஜன் பென்சிலும்.

நல்ல சேதி இனிமேல்தான். மேட்டில் போட்ட அந்த மூன்று துளையும் வீண் போகவில்லை. அங்கே ஆறடிக்குக் கீழே அசல் பாறை. துளைக்காரர் சரியான இடத்தில்தான் துளை போட்டிருக்கிறார், நாம்தான் தப்பான இடத்தில் வீட்டை வரைந்துவிட்டோம் என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார் மாமா. வீட்டை அப்படியே மேலே தள்ளி வரையச் சொல்லியாயிற்று. கீழ்ப்பாதியில் மரம் வைக்கலாம், மகள் ஓடி விளையாடலாம், கட்டடம் மட்டும் கூடாது. உங்கள் பால்கனியில் இருந்து இனி பாதித் துறைமுகம்தான் தெரியும். மகள் மேட்டில் மாமாவின் நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்துவிட்டு, “பாதி போதும்மா, அப்பா வீட்ல இருந்தா எதுக்குக் கப்பலைப் பார்க்கணும்?” என்கிறாள்.

மிச்சம் இருப்பது ஒரே வேலை. கீழ்ப்பாதியில் எந்தக் காலத்திலும் கட்ட மாட்டோம் என்று மனைப் பத்திரத்தோடு ஒரு தாள் சேர்க்க வேண்டும். உரிமையாளர் இரண்டு பேரும் அலுவலகத்துக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. இன்னும் எட்டு மாதம் கப்பலில் இருக்கவா என்று இந்த மாதக் கடைசிக்குள் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். இது மூன்றாவது எட்டு மாதம். விதியைச் சொல்லி மறுத்துவிடுங்கள்.

இதுவரை எழுதியதைத் திருப்பிப் படித்தேன். பதினோரு வருஷத்தில் பொய்யான ஒரு வரிக்குக் கீழேயும் நான் தெரிந்து கையெழுத்துப் போட்டதில்லை. இந்தக் கடிதத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறது. நேரில் வர வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. தபாலில் கையெழுத்து வந்தாலே போதும் என்று பென்சில்காரர் சொல்லிவிட்டார். அந்தத் தாளையும் இதோடு வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பினால் அனுமதி கிடைத்துவிடும்.

அனுப்பாதீர்கள். எடுத்துக்கொண்டு வாருங்கள்.

கடல் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

என்றும் உங்கள்,
இன்னொரு துளை அம்மா