யூலானுக்குக் கொடுத்த இஞ்சிநீர்

டோங்குவான், மார்ச் 1991

அன்பு மகள் பெய்யுனுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமென நம்புகிறேன். எனக்கு ஒரு குறையுமில்லை. இஞ்சிநீர் கொடுத்து ஒரு பெண்ணை நான் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்ததாக ஊரில் பேச்சாம். தவறு. படுக்கவைத்தது அவள் வயிற்றிலிருந்த கட்டி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது மட்டும்தான் நான்.

நான் கவனித்துக்கொள்ளும் தொழிற்சாலை விடுதியில் தங்கியிருக்கும் அந்தப் பெண் யூலான், மாதவிலக்கு வந்தால் சுருண்டுவிடுவாள். இஞ்சி, நாட்டுச்சர்க்கரை, காய்ந்த செவ்விலந்தை கொதிக்கவைத்துக் கொடுப்பேன். மற்றவர்களுக்கு அதிலேயே வலி அடங்கும். இவளுக்கு மாதாமாதம் கூடியது.

"ஐஸ் தின்னா அப்படித்தான்டி," என்றாள் அறைத்தோழி.

"பெரியம்மா, இன்னொரு டம்ளர் குடுங்க. இன்னிக்கு லீவு போட முடியாது," என்றாள் யூலான்.

நான் கொடுக்கவில்லை, டாக்டரிடம் இழுத்துப் போனேன். கட்டி என்று அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள்; இப்போது தேறிவிட்டாள். "இனிமே இஞ்சி வாசனையே வேணாம்" என்று சிரிக்கிறாள்.

உனக்கும் அதே வலி. நீயும் நான் சொல்லித்தந்த இஞ்சிநீரைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறாய். இதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்பது சிறுவயதில் நான் படித்த கான்வென்ட் சிஸ்டர்களின் கட்டளை, ஆனாலும் எழுதுகிறேன். டாக்டரைப் போய்ப் பார்.

இங்கே இலந்தையில் ருசியே இல்லை. நம் ஊர்க் கடையிலிருந்து கொஞ்சம் அனுப்பு. தபால்காரர் வாசலில் நிற்கிறார். உன் அண்ணனிடம் சொல்லியனுப்பாமல், டாக்டர் சொன்னதை உன் கைப்பட எழுதி அனுப்பு.

அம்மா