மேலே இருந்த இரண்டு விரல் சேறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீர்த்தேக்கக் குடியிருப்பிலிருந்து உன் தங்கை எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் நீ கிழித்துப் போட்டுவிடுவாய் என்று அண்ணி பெயருக்கு அனுப்பியிருக்கிறேன். அண்ணி, அவன் சாப்பிட்டு முடித்த பிறகு இதைக் கொடுங்கள். பசியில் அவனுக்குக் கோபம் இரண்டு மடங்கு.

நான் சுகம் என்று எழுதினால் பாதி பொய். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் ஊரைவிட்டுப் போன இந்த இரண்டு வருடத்தில், வேலை முடிந்து வந்தால் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. எதிர்வீடும் காலி. சில நாள் மோட்டார் ஆபரேட்டரிடம் வேண்டுமென்றே சண்டை போட்டுவிட்டு வருகிறேன், அன்றைக்கு யாரிடமாவது பேசினதாக இருக்கட்டும் என்று.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மாடுகள் போய் இரண்டு கோடை ஆகிவிட்டது. சாணித் தண்ணீர் ஒரு சொட்டுகூட இப்போது நீர்த்தேக்கத்தில் கலப்பதில்லை. அப்படியும் போன மாதம் தண்ணீர் மறுபடி பச்சையாகிவிட்டது. குழாயைத் திறந்தால் நாற்றம். பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸ் உன் தொழுவத்திலிருந்துதான் வருகிறது, அடிச்சேற்றில் அதிகமில்லை என்று அறிக்கையில் கையெழுத்துப் போட்டவள் நான். அதை வைத்துத்தான் தொழுவத்தை மூடினார்கள்.

புதிதாக வந்திருக்கும் கெமிஸ்ட் பெண் என்னோடு படகில் வந்தாள். மாதிரி எடுக்கும் குழாயை அடியில் இறக்கிச் சேற்றை எடுத்தேன். மேலே நின்ற தண்ணீரையும், அதற்குக் கீழே கஞ்சிபோல் தளதளவென்று இருந்த இரண்டு விரல் சேற்றையும் வழக்கம்போலச் சாய்த்துக் கொட்டினேன். கலங்கல் தண்ணீர் என்றுதான் பதினோரு வருடமாக அதைக் கொட்டுகிறேன். கெட்டிச் சேற்றை மட்டும்தான் சோதிப்பேன்.

"அக்கா, நமக்கு வேண்டியதே அதுதானே, ஏன் கொட்டுறீங்க?" என்று கேட்டாள்.

நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்தவள் எனக்குச் சொல்லித் தருவதா என்று முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அந்த மேல்சேற்றை நானே சோதித்தேன். ஆறு முறை. ஒரு முறையாவது குறைத்துக் காட்டாதா என்று பார்த்தேன். கெட்டிச் சேற்றைவிட ஐந்து மடங்கு பாஸ்பரஸ் இருந்தது. முப்பது வருடமாக ஊர்ச் சாக்கடை கொண்டுவந்து சேர்த்தது. வெயிலில் தண்ணீர் சூடாகி, அடியில் ஆக்ஸிஜன் குறையும்போது, சேறு அதைத் தண்ணீரில் விட்டுவிடுகிறது. உன் தொழுவத்துக்கும் பங்கில்லாமல் இல்லை. அதையும் சொல்லாவிட்டால் நான் உன் தங்கையே இல்லை. ஆனால் அது கொஞ்சம்தான். அதற்காக மூடியிருக்க வேண்டாம்.

அந்த அறிக்கையை எழுதிய அன்று லேப் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாயே. "பொய்யா எழுதச் சொல்லலம்மா. இன்னொரு தடவை பாருன்னுதான் கேக்குறேன்" என்றாய். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். என் கண் தப்பாது என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். பார்த்திருந்தாலும் அதே இரண்டு விரலைக் கொட்டித்தான் இருப்பேன். ஆனாலும் பார்த்திருக்கலாம், அண்ணா. நீ கேட்டாயே என்பதற்காகவாவது.

பழசைக் கிளறாதீர்கள், இனிமேல் சரியாகச் செய்தால் போதும் என்றார் என்ஜினீயர். நான் கேட்கவில்லை. தப்பு என்னுடையது, தொழுவத்தை மூடிய உத்தரவை மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று எழுத்தில் கொடுத்துவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. என்னை என்ன செய்வார்களோ, செய்யட்டும். யாருடைய வாசலிலோ காவலுக்கு உட்கார்ந்திருக்கும் உனக்கு இந்தக் காகிதம் ஒரு மாட்டைக்கூடத் திருப்பித் தராது. அது எனக்குத் தெரியும்.

மன்னித்துவிடு என்று கேட்கத் தைரியமில்லை. நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் வீட்டில்தான் இருப்பேன். போன் செய்து ஒரு வார்த்தையும் பேசாமல் வைத்துவிட்டாலும் சரி. நீதான் என்று தெரிந்துகொள்வேன்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்தவள்