சாவிக்கொத்தோடு தயாராக இருந்த வீடு

ஷர்மிளா அப்பாவுக்கு,

குழம்பு அடுப்பு மேல இருக்கு, சுட வெச்சுச் சாப்பிடுங்க.

நேத்து நீங்க வலிப்பு வந்து விழுந்ததைவிட, உங்க வீட்டாரைப் பார்த்துத்தான் ஆடிப்போய்ட்டேன். உங்க அம்மா சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறாங்க, தம்பி ஷூவை மூக்கில் வைக்கிறார். அத்தனை பழக்கம்! பதினோரு வருஷமா எனக்கு மட்டும்தான் தெரியாது. தினமும் நானே எடுத்துக் கொடுத்த ‘சத்து மாத்திரை’ இதுக்குத்தானா?

ஷூ கம்பெனியில் நாள் முழுக்க வேலை பார்க்கிறவருக்குத் தோல் வாசனை வைத்தியமாம்! ஒருக்களிச்சுப் படுக்க வெச்சாப் போதும்னு சொல்லிட்டேன்.

"முன்னாடியே சொல்லியிருந்தா கட்டியிருப்பியா?"ன்னு உங்க அம்மா கேட்டாங்க. இன்னா கேள்வி! அன்னிக்கே கேட்டிருந்தா அன்னிக்கே பதில் சொல்லியிருப்பேனே.

மாத்திரையை விட்டுடாதீங்க.

சோபனா

பி.கு: குளிக்கும்போது தாழ்ப்பாள் போடாதீங்க. கோபம் அப்படியேதான் இருக்கு. அடுத்த முறை டாக்டர்கிட்ட உங்க அம்மா வேண்டாம், நான் வர்றேன்.