ஆறு லோரிகளும் முப்பத்திரண்டு பக்கமும்

12 மார்ச் 1997, புதன்
மேருவில், எங்கள் பிஸ்கட் கம்பெனியில், மழை. ஆறு லோரிகளும் எட்டு மணிக்குள் பிஸ்கட் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டன. மேனேஜர் அடைக்கப்பன் கூப்பிட்டார். லோரி பர்மிட் இப்போது சுலபமாகக் கிடைக்கிறதாம். கோலாலம்பூர் கம்பெனி ஒன்று மலிவாக ஓட்டித் தருகிறதாம். "நமக்கெதுக்கு இராமலிங்கம் சொந்த லோரி? டிரைவர், டயர், தலைவலி. வெளிய குடுத்துட்டா முடிஞ்சது லா."
ஆறு டிரைவர்கள், கணக்கெழுதி அவர்களை அனுப்பும் கிராணி நான். ஏழு குடும்பம்.

15 மார்ச்
ரூட்டைப் பற்றி எங்கள் டிரைவர்களுக்குத் தெரிந்தது வெளியாளுக்குத் தெரியுமா? எழுதிக் காட்டினால் மேனேஜர் மனம் மாறுவார்.

19 மார்ச்
சாப்பாட்டு நேரத்தில் மூத்த டிரைவர் தம்புசாமி சொல்லச் சொல்ல எழுதினேன். கேரி தீவுத் தோட்டக் கடைகளில் சம்பளத்துக்கு முந்தின நாளே சரக்கு இறங்க வேண்டும். டெங்கில் ஊர்க் கடைக்காரர் வெள்ளி மத்தியானம் தொழுகைக்குப் போய்விடுவார். சாவி பக்கத்துச் சலவைக்கடையில். பிரிக்பீல்ட்ஸ் சந்தில் ரிவர்ஸில்தான் நுழையணும், பூக்கடை இராஜம்மாவிடம் சொல்லிவிட்டு. இருபது வருஷத்து விஷயம்.
"எழுதிக்குங்க கிராணி. நம்ம வேலை நிக்கணும்ல."

2 ஏப்ரல்
முப்பத்திரண்டு பக்கம் டைப் செய்து கொடுத்தேன். அடைக்கப்பன் முழுக்கப் படித்தார். "பிரமாதம்!" என்றார், இரண்டு தடவை.

3 ஏப்ரல்
பல நாள் கழித்து நன்றாகத் தூங்கினேன்.

21 ஏப்ரல்
கோலாலம்பூர் ஆட்கள் வந்தார்கள். மேசைமேல் என் முப்பத்திரண்டு பக்கம், ஆறு நகல். "ரூட் தெரியாதேன்னுதான் பயந்தோம் பாஸ். இப்ப ஓகே." அடைக்கப்பன் என் தோளைத் தட்டினார்.
ஐயோ, என்ன மடத்தனம்! தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் தம்புசாமியின் வாயைப் பிடுங்கி அல்லவா அவரைக் கெடுத்தேன்?

30 ஏப்ரல்
டிரைவர்களுக்கு ஒரு மாத நோட்டீஸ். எனக்கு இல்லை. வெளி லோரிகளைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டுமாம். மனைவி சந்திரகலாவிடம் சொன்னேன். "வேணாம்னா சொல்லப் போறீங்க? பிள்ளைங்க படிக்குதுங்க," என்றாள்.
சொல்லவில்லை.

2 ஜூன், திங்கள்
வெளி லோரிகளின் முதல் நாள். தாமதம் இல்லை.

4 ஜூன்
தம்புசாமி வாசலில் நின்றார். புதுக் கம்பெனி டிரைவர் வேலைக்கு ஆள் எடுக்கிறதாம், தனக்காக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார். உள்ளே போய் அவர்கள் ஆளிடம் சொல்லிப் பார்த்தேன், எல்லா ரூட்டும் தெரிந்தவர் என்று.
"அதான் எல்லாம் எழுதிக் குடுத்துட்டீங்களே அங்கிள். சின்னப் பையனே போதும்."
வெளியே வந்து, இடமில்லையாம் என்றேன்.
"ஏன் கிராணி, வயசா?"
ஆமாம் என்றேன்.