பின்பக்கத்திலிருந்து படித்த கதை

என் பெரியவனுக்கு,

நீ இல்லாத முதல் வருஷம் முடியப்போகிறது. படித்ததில் பிடித்த பத்துப் புத்தகங்களை வரிசைப்படுத்தி எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுவாயே, அந்த இடம் காலியாக இருக்கிறது. இந்த முறை நான்தான் ஒட்ட வேண்டும். "பொம்மைப் புத்தகம் சோறு போடுமாடா?" என்று உன்னைக் கரித்துக்கொட்டிய அதே அப்பாதான்.

உன் அலமாரியில் ஒன்று விடாமல் படித்துவிட்டேன். விண்வெளிக் கதைகளில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ரோபோ நாய் கதைக்கு நான்காம் இடம். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தாள், பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

முதலிடம் அந்த ஜப்பான் காமிக்ஸுக்கு. எல்லாப் புத்தகத்தையும் போல இடப்பக்கம் திறந்து ஆரம்பித்தேன். முதல் பக்கத்திலேயே அந்தப் பையன் செத்துக் கிடந்தான். புரட்டப் புரட்ட எழுந்தான், ஓடினான், சண்டை போட்டான். கடைசிப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்று, "போயிட்டு வரேம்பா" என்றான்.

உன் சிநேகிதன் வந்திருந்தபோது இதைச் சொன்னேன்.

"அங்கிள், அதை வலது பக்கத்துலேருந்து படிக்கணும்," என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

"அப்படியா," என்றேன்.

அவன் போன பிறகு மறுபடியும் எடுத்துப் படித்தேன். இடப்பக்கத்திலிருந்துதான்.

அப்பா