கொக்குத் தீவில் என் பெயர்

ஹாமில்டன்
ஆகஸ்ட் 4, 1996

அன்புள்ள டார்கஸ் அக்காவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். நல்லபடியாக என்று எழுதிவிட்டேனே தவிர, வந்த நாளிலிருந்து பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை.

நம் சித்தப்பா மகன் ஆப்னர்தான் படகில் கூட்டிப்போனான். பதினேழு வயதில் விட்டு வந்த கொக்குத் தீவில் இப்போதுதான் மறுபடி கால் வைத்தேன். அரசாங்கம் ஊரையே காலிசெய்து உங்களையெல்லாம் அக்கரைக்கு அனுப்பிய பிறகு அங்கே என்ன இருக்கிறது, புல்லும் பறவை எச்சமும்தான். நீயும் வந்திருந்தால் நம் வீடு நின்ற இடம் எது என்று சண்டை போட்டிருப்போம்.

அம்மாவின் கல்லறையைப் பார்க்கத்தானே போனேன். பார்த்தேன். பக்கத்தில் பாசி மூடி ஒரு சின்னக் கல். யாரோ குழந்தை, பாவம் என்று கையால் துடைத்தேன். என் பெயர், அக்கா. செலீனா. நம் குடும்பப் பெயரும் சேர்த்து. கீழே, மூன்று வயது என்று.

பின்னால் நின்ற ஆப்னர், "என்ன செலீனா, ஒனக்கு முன்னாடியே எடம் புடிச்சு வெச்சிருக்காங்க" என்று சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "ஒனக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியுமே" என்றான்.

உன் வீட்டுக்குத் திரும்பி வராமல் நேரே விமானம் ஏறியது அதனால்தான். கோபித்துக்கொள்ளாதே.

யார் அவள்?

உன் தங்கை
செலீனா


நியூஃபவுண்ட்லாந்து
ஆகஸ்ட் 19, 1996

என் கண்ணான தங்கைக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதத்தைப் படித்ததில் அடுப்பிலிருந்த மீனை மறந்துவிட்டேன். சட்டியோடு கருகிப்போனது. உனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது செலீனா. இத்தனை வருஷமும் அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள் என்றே நான் இருந்தேன். நான் சொல்லியிருப்பேன் என்று அம்மா இருந்தாளோ என்னவோ.

அவள் எனக்குத் தங்கை, உனக்கு அக்கா. தொண்டையடைப்புக் காய்ச்சல் வந்த குளிர்காலம். கடல் உறைந்து கிடந்தது, டாக்டர் வர வழியில்லை. நாலே நாளில் போய்விட்டாள். அதற்குப் பிறகு பிறந்தவள் நீ. அப்பாவைப் பெற்றவள் பெயர் செலீனா. அந்தப் பெயர் வீட்டை விட்டுப் போகக்கூடாது என்று அப்பா உனக்கும் அதையே வைத்தார்.

நம் ஊரில் யார் வீட்டில்தான் இது நடக்கவில்லை? எதிர்வீட்டில் ஒரு எலியாஸ் போய் இன்னொரு எலியாஸ் பிறந்தான். பக்கத்து வீட்டில் மூன்றாவது மார்த்தாதான் பிழைத்தாள். மழை பெய்ததை யாராவது ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்வார்களா? அப்படித்தான் உன்னிடமும் யாரும் சொல்லவில்லை.

அம்மாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. உன் ஞானஸ்நானத்தன்று கோவில் வாசலிலேயே அப்பாவிடம் சொன்னாள்: "நான் பேரச் சொல்லிக் கூப்புட்டா, ரெண்டு புள்ளைல எது திரும்பிப் பாக்கும்?" அதனால்தான் உன்னைக் கடைசி வரை 'குட்டி' என்றே கூப்பிட்டாள்.

மனதில் வைத்துக்கொண்டு புழுங்காதே. என் பேத்தி வெரீனா நர்ஸ் படிப்பில் முதலாவதாகத் தேறியிருக்கிறாள். கடிதத்தோடு படம் வைத்திருக்கிறேன். தொப்பி எப்படிப் பொருந்துகிறது பார். நம் குடும்பத்துத் தலை.

ஆசை முத்தங்களுடன்
டார்கஸ்


ஹாமில்டன்
செப்டம்பர் 8, 1996

அக்காவுக்கு,

படம் வந்தது. வெரீனாவுக்கு என் வாழ்த்து.

குட்டி என்றால் செல்லம் என்று நினைத்திருந்தேன். அம்மா வாயால் என் பெயர் வந்தது ஒரு பாட்டில் மட்டும்தான் என்று என் பெண்களிடம் பெருமையடித்திருக்கிறேன். அவர்களை முழங்காலில் ஆட்டி நானும் பாடினேன்.

ஆடுது பார் தோணி, அலைமேல ஏறி,
செலீனாவுக்கு ஒரு மீனு, சட்டியில வறு நீ.

அது எனக்குப் பாடியதா, அவளுக்கா?

நான் ஹாலிஃபாக்ஸுக்கு வீட்டுவேலைக்குக் கிளம்பிய காலையை நீ மறந்திருக்க மாட்டாய். ஊரே படகுத்துறைக்கு வந்தது. அம்மா வரவில்லை. முதுகைக் காட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "காத்து மாறுறதுக்குள்ள போ" என்றாள். அவ்வளவுதான். அந்த முதுகை எத்தனை வருஷம் சுமந்திருக்கிறேன் தெரியுமா? இப்போது அர்த்தம் புரிகிறது. தன் பிள்ளையின் பெயரைப் போட்டுக்கொண்டு திரிந்தவள் ஒருவழியாகத் தொலைகிறாள் என்று நிம்மதியாக மூச்சுவிட்டிருப்பாள்.

இன்னொன்று. சின்ன வயதில் அந்தக் கல்லறைத் தோட்டத்தில்தானே ஆடு மேய்த்தேன். இந்தக் கல் அன்று ஏன் என் கண்ணில் படவில்லை?

மழுப்பாமல் எழுது. அம்மாவுக்கு நான் வேண்டாதவளா? மழுப்புவதாக இருந்தால் இனி நமக்குள் கடிதம் வேண்டாம்.

நீங்கள் செலீனா என்று பெயர் வைத்தவள்


நியூஃபவுண்ட்லாந்து
செப்டம்பர் 30, 1996

தங்கைக்கு,

மழுப்பவில்லை.

அந்தப் பாட்டை அம்மா அவளுக்குப் பாடினாள். அவள் போன பிறகு அம்மா வாயில் பாட்டே இல்லை. உனக்குப் பாடியது நான். நீ ஆடியது என் முழங்காலில். நான் பாட ஆரம்பித்தால் அம்மா ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கிறேன் என்று எழுந்து போய்விடுவாள். படிக்கும்போது உனக்கு வலிக்கும். வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியவில்லை.

நீ கிளம்பியபோது அம்மா நிம்மதியாக மூச்சுவிட்டாளா? தெரியாது. நானும் முதுகைத்தான் பார்த்தேன்.

ஆனால் கல்லைப் பற்றித் தெரியும். நீ தவழும்போதே அப்பா அதை வெட்டி வாங்கிவந்துவிட்டார். அம்மா நடவிடவில்லை. மீன் கொட்டகையில் உப்புப் பீப்பாய்களுக்குப் பின்னால், எழுத்து தரையைப் பார்க்கக் கவிழ்த்துப் போட வைத்தாள். ஒவ்வொரு வசந்தத்திலும் தரை இளகியதும் அப்பா கேட்பார். ஒருமுறை எனக்கே பொறுக்காமல், அவள் என்ன பாவம் செய்தாள், அடையாளம் இல்லாமல் கிடக்கிறாளே என்றேன். அம்மா சொன்னது இது:

"குட்டி எழுத்துக் கூட்டிப் படிக்குற வயசு. அது தன் பேரக் கல்லறையில படிக்கணுமா? செத்தவ காத்திருப்பா. இவ மொதல்ல வளந்து வெளியூருக்குப் போகட்டும்."

நீ போன மறு வசந்தத்தில்தான் அப்பாவும் நானும் கல்லைத் தூக்கிப்போய் நட்டோம். அதுவரை பதினேழு வருஷம், தினமும் உப்பு அள்ளப் போகும்போதெல்லாம் அம்மா அதைத் தாண்டித்தான் போய்வந்தாள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இனி நீ எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி.

அக்கா
டார்கஸ்


ஹாமில்டன்
நவம்பர் 17, 1996

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. தினமும் பேனாவை எடுப்பேன், வைப்பேன். அம்மா என்னைப் படகுவரை வந்து வழியனுப்பாதது இன்னும் உறுத்துகிறது. அது போகாது என்று நினைக்கிறேன். ஆனால் இப்போது அதோடு அந்த உப்புக் கொட்டகையும் கண்முன் வந்து நிற்கிறது.

நேற்று என் பெரியவள் நோரீன் வந்திருந்தாள். இரண்டு பேரும் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது, எனக்கு இன்னொரு அக்கா இருந்தாள், மூன்று வயதில் போய்விட்டாள் என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "நீங்க ரெண்டு பேருதான்னு நெனச்சேன். அவங்க பேரு என்னம்மா?" என்று கேட்டாள்.

செலீனா என்றேன்.

அறுபத்துநாலு வயதில் முதல் தடவையாக, அந்தப் பெயரைச் சொல்லும்போது எனக்கு என் ஞாபகம் வரவில்லை.

அவள் எப்படி இருப்பாள், எதற்குச் சிரிப்பாள், நீங்கள் இரண்டு பேரும் எங்கே விளையாடுவீர்கள், எல்லாவற்றையும் எழுது. நீ ஒருத்திதான் இருக்கிறாய் சொல்ல.

உன் இளைய தங்கை
செலீனா